துடிப்பும் உயிரும்

அளவையின் அதிகாரம் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு ஃப்ளெகெய்னைடு மாத்திரை ஞாபகம் வருகிறது. 1931இல் ஹெரால்டு யூரி கண்டுபிடித்த டியூட்டீரியம் ஹைட்ரஜனேதான், எடை மட்டும் இரு மடங்கு. மருந்தின் சில ஹைட்ரஜன்களுக்குப் பதில் இதை வைத்து, அந்தக் கனத்த இரட்டையை, தெரிந்த அளவில், ரத்த மாதிரியில் கலக்கிறார்கள் இன்றைய ஆய்வாளர்கள். இரண்டையும் கருவி எடையால் பிரித்துக் காட்டும். உள்ளே போன மருந்து ரத்தத்தில் எவ்வளவு என்று நானோகிராம் கணக்கில் தெரிந்துவிடும். சரி, ஆள் பிழைச்சாரா? அதை அது சொல்லாது.

1980களின் அமெரிக்க மருத்துவம் கேட்கத் தவறியதும் இதைத்தான். மாரடைப்புக்குப் பின் இதயம் தாளம் தப்புகிறவர்கள் அதிகம் சாகிறார்கள். ஆகவே தாளத்தைச் சரிசெய்தால் சாவு குறையும். கச்சிதமான தர்க்கம். ஈசிஜி தாளில் கோணல் துடிப்புகள் மறைந்தன, 1985இல் ஃப்ளெகெய்னைடுக்கு அனுமதியும் கிடைத்தது. நோயாளியின் உடம்பே அந்தத் தாளாகச் சுருங்கிப்போயிற்று.

'காஸ்ட்' என்ற சோதனைதான் பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை கொடுத்துப் பார்த்தது. அப்படிக் கொடுப்பது அநியாயம் என்ற டாக்டர்களும் இருந்தார்கள். 1989இல் வெளியான கணக்கு: ஃப்ளெகெய்னைடோ என்கெய்னைடோ சாப்பிட்ட 730 பேரில் 56 பேர் செத்துப்போனார்கள், வெறும் மாத்திரை சாப்பிட்ட 725 பேரில் 22 பேர். இத்தனைக்கும் இவர்கள் எல்லோருமே, முன்னோட்டத்தில் மருந்து கொடுத்துத் துடிப்பு அடங்கியதாகத் தாளில் பார்த்தபின் சேர்க்கப்பட்டவர்கள்.