ஒரு காதில் பாட்டு, மறு காதில் படலை: யாழ்ப்பாணத்தின் நித்திரையற்ற இரவுகள்

இரவு 2 மணி. நித்திரை வரவில்லை. தொலைபேசியில் ‘இரவு’ என்று பெயரிட்டு வைத்திருக்கும் பாடல் பட்டியலைத் திறக்கிறேன். பாதிக்கு மேல் இளையராஜா. அம்மாவுக்குப் பிடித்த பி. சுசீலாவும் ஏ.எம். ராஜாவும் கொஞ்சம். கடைசியில் ஒரு நாதஸ்வரம். இயர்போனை வலது காதில் மட்டும் மாட்டுகிறேன். இடது காதை எப்போதும் விட்டுவிடுவேன். கொழும்பில் ஒரே அறையில் தங்கியிருந்த நண்பர் ஒருவர் “ஏன் ஒன்றை மட்டும் போடுகிறீர்கள்?” என்று கேட்கும்வரை, அப்படிச் செய்கிறேன் என்பதே எனக்குத் தெரியாது.

யோசித்துப் பார்த்தபோது 2006 நினைவுக்கு வந்தது. அந்த ஆண்டு ஓகஸ்ட் 11ஆம் திகதி ஏ9 வீதி மூடப்பட்டது. குடாநாடு தரைவழியாகத் துண்டிக்கப்பட்டது. இரவில் ஊரடங்கு. நான் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன். ஒழுங்கையில் நாய் குரைத்தால் வீடே மூச்சை அடக்கிக்கொள்ளும். குரைப்பு எங்கள் படலையைக் கடந்து போகிறதா, படலையடியில் நிற்கிறதா என்று எல்லோரும் படுத்தபடியே கேட்டுக்கொண்டிருப்போம். ஆட்கள் இரவில் கொண்டுபோகப்பட்ட காலம் அது. பாட்டு இல்லாமல் அந்த இரவுகளைக் கடக்க முடியாது. முழுவதுமாகப் பாட்டுக்குள் போய்விடவும் முடியாது. அதனால் ஒரு காது பாட்டுக்கு, மறு காது படலைக்கு.

இது என் பழக்கம் மட்டும்தானா என்று எனக்கு மூத்தவர்களிடம் கேட்டேன். ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு பாட்டுக் கருவி இருந்திருக்கிறது. பாதிக் காதும் கூடவே இருந்திருக்கிறது.

சைக்கிள் சில்லு சுழன்றால்தான் பாட்டு

1990 ஜூனில் யுத்தம் மீண்டும் தொடங்கிய பின் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் இல்லாமல் போனது. பொருளாதாரத் தடையில் பற்றரிகளும் அடக்கம். மண்ணெண்ணெய் விலை எட்டாத உயரத்தில் இருந்தது. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் எண்ணெயும் திரியும் வைத்து எரித்த விளக்கில் ஒரு தலைமுறை படித்தது. தீர்ந்துபோன பற்றரிகளை வெயிலில் காயவைத்து, அதில் மிஞ்சியிருக்கும் உயிரையும் எடுத்தார்கள்.

வானொலிக்குக் கைகொடுத்தது சைக்கிள் டைனமோ. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைக் கையால் சுற்றுவார். முன்விளக்கை எரிக்கவென்று செய்யப்பட்ட அந்தச் சின்ன டைனமோ, ஏறத்தாழ 6 வோல்ற் ஆடலோட்ட மின்சாரத்தைத் தரும். றேடியோவுக்கு வேண்டியது நேரோட்டம். அதனால் டயோட் வைத்து மாற்றிக் கொடுப்பார்கள். சுற்றுகிறவரின் கை களைத்தால் கசெற்றில் பாடுகிறவரின் குரல் கனத்து இழுபடும். வேகம் கூடினால் குரல் கீச்சிடும். அன்று பாட்டுக் கேட்பது ஓர் ஆள் தனியே செய்யக்கூடிய காரியமல்ல. ஒருவர் சுற்ற வேண்டும், மற்றவர்கள் கேட்க வேண்டும், பிறகு ஆள் மாற வேண்டும்.

முதலில் செய்தி. பிபிசி தமிழோசை, வெரித்தாஸ். கை இன்னும் தாங்கினால்தான் பாட்டு. அதற்கு முந்திய தலைமுறைக்கு மின்சாரம் இருந்தது, இலங்கை வானொலியும் இருந்தது. எஸ்.பி. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீத் ஆகியோரின் குரல்கள் பாக்கு நீரிணைக்கு அப்பாலும் கேட்கப்பட்டன. ‘இரவின் மடியில்’ நிகழ்ச்சியின் பழைய பாடல்களோடு கண்ணயர்ந்தவர்கள் பலர் இன்றும் எங்களோடு இருக்கிறார்கள்.

தொண்ணூறுகளில் றேடியோவின் சத்தத்தைக் கூட்டிவைக்க முடியாது. வானத்தைக் கேட்க வேண்டும். வருவது சகடையா, புக்காராவா என்று சத்தத்தை வைத்தே சொல்லத் தெரிந்த பிள்ளைகள் இருந்தார்கள். பங்கருக்குள் ஓட எத்தனை விநாடி இருக்கிறது என்பதைக் காதுதான் முடிவுசெய்தது.

கைவிட்டு வந்த கசெற்றுகள்

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் இடம்பெயர்ந்தபோது சனம் அரிசியையும் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டது. கசெற்றுகள் வீட்டில் கிடந்தன. 1996இல் திரும்பி வந்தபோது பல வீடுகளில் கூரையே இல்லை. கசெற்றுகள் எஞ்சியிருந்த இடங்களிலும், எதை வைத்திருக்கலாம் எதை வைத்திருக்கக்கூடாது என்ற பயம் வந்தது. சிலர் எரித்தார்கள். சிலர் தோட்டத்தில் புதைத்தார்கள். இன்றும் சோதனைச் சாவடிக்கு முன்னால் தொலைபேசியிலிருந்து பாடல்களை அழிக்கிறவர்கள் இருக்கிறார்கள். 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் நிழல் பாட்டுப் பட்டியலிலும் விழுகிறது.

எங்கள் ஒழுங்கையில் ஒரு அன்ரி இருக்கிறார். மகன் போய்ப் பல வருடங்கள். அவன் றெக்கோடிங் பாரில் கொடுத்துப் பதிவுசெய்த ஒரு 90 நிமிடக் கசெற் அவரிடம் இருக்கிறது. அட்டையில் பாடல்களின் பெயர்கள் அவனுடைய கையெழுத்தில். போட்டுக் கேட்க வீட்டில் பிளேயர் இல்லை. “மாற்றித் தரட்டுமா அன்ரி?” என்று ஒருமுறை கேட்டேன். “வேண்டாம் பிள்ளை. கேட்டனெண்டா பிறகு நித்திரை வராது” என்றார். இரவு முழுவதும் சின்னச் சத்தத்தில் றேடியோ போட்டுவைத்திருப்பார். பேசாமல் கிடந்தால் படலைச் சத்தம் கேட்குமாம்.

காது ஏன் உறங்குவதில்லை

ஆபத்து நீங்கிய பின்னும் உடல் காவலை விடாமல் இருப்பதை மருத்துவர்கள் மிகைவிழிப்பு என்கிறார்கள். நெருக்கீட்டுக்குப் பின்னான மனவடுவின் அறிகுறிகளில் அதுவும் ஒன்று. நித்திரையின்மை, திடுக்கிட்டு எழுதல், கெட்ட கனவு ஆகியவை அதனுடன் சேர்ந்து வரும். யாழ்ப்பாணத்தில் பணிபுரிந்த மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் ‘மனவடு’ என்ற நூலில் இதைத் தமிழில் விளக்கியிருக்கிறார். இது பலவீனமுமல்ல, பைத்தியமுமல்ல. ஒரு காலத்தில் உயிரைக் காத்த பழக்கம், போவதற்கு நேரம் எடுக்கிறது.

பாட்டு உதவுமா? 2022இல் வெளியான கொக்ரேன் மீளாய்வொன்று, நித்திரையின்மை உள்ள 1007 பேர் பங்குபற்றிய 13 ஆய்வுகளைத் தொகுத்தது. நாளாந்தம் 25 முதல் 60 நிமிடங்கள் இசை கேட்டவர்கள், தங்கள் நித்திரையின் தரம் மேம்பட்டதாகச் சொன்னார்கள். மறுபக்கமும் உண்டு. மைக்கேல் ஸ்கலின் என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழு 2021இல் வெளியிட்ட ஆய்வின்படி, படுக்கும் நேரத்தில் கேட்ட பாட்டு மண்டைக்குள் திரும்பத் திரும்ப ஓடி நித்திரையைக் கெடுக்கவும் கூடும்.

ஆகவே எந்தப் பாட்டு என்பது முக்கியம். மெதுவான, பழகிய பாடல்கள் நல்லது. ஒரு முகத்தையோ ஓர் இடத்தையோ இழுத்து வரும் பாடலைப் பகலுக்கு ஒதுக்கலாம். பக்கத்தில் ஆள் இருக்கும்போது அழுதுவிடலாம். பட்டியலுக்கு ஒரு முடிவும் வேண்டும். விடியும்வரை ஓடும் பட்டியல் விடியும்வரை விழித்திருக்கவும் பழக்கும்.

வாரத்தில் மூன்று இரவுகள் என மூன்று மாதங்களுக்கு மேலாக நித்திரை இல்லையென்றால் பாட்டோடு நிற்க வேண்டாம். யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை வைத்தியசாலையிலும் மனநல சிகிச்சைப் பிரிவுகள் இருக்கின்றன. 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்குக் கட்டணமின்றி அழைக்கலாம்.

நேற்றிரவு நான் இரண்டு காதிலும் மாட்டிப் பார்த்தேன். முதல் பாட்டு முழுவதும் கேட்டது. இரண்டாவதும் கேட்டது. மூன்றாவதில், எங்கோ தூரத்தில் ஒரு நாய் குரைத்ததுபோல இருந்தது. இடதைக் கழற்றிக் கேட்டேன். ஒன்றுமில்லை, பனங்காற்றுத்தான். திரும்ப மாட்டினேன்.