ஒருதொழில் வட்டாரமும் பலதொழில் வட்டாரமும்

ஒரு வட்டாரம் ஒரே தொழிலில் ஊன்றி நின்றால் செழிக்குமா, பல தொழில்களில் கால் பதித்தால் செழிக்குமா என்பது பொருளியலில் நெடுநாள் வழக்கு. ஒரே தொழில் குவியும் இடத்தில் கைதேர்ந்த ஆட்களும் உதிரிபாகம் தருவோரும் தொழில் நுணுக்கமும் சேர்ந்தே திரள்கின்றன என்று 1890-இல் ஆல்ஃபிரட் மார்ஷல் எழுதினார். பல தொழில்கள் அக்கம்பக்கமாக இருக்கும் நகரத்தில்தான் புதுத் தொழில் முளைக்கிறது என்றார் ஜேன் ஜேக்கப்ஸ், 1969-இல்.

இருவருக்கும் கொங்கு வட்டாரத்திலேயே சாட்சி உண்டு.

பின்னலாடை ஊரான திருப்பூர் மார்ஷலின் பக்கம். நிட்டிங், சாயம், பிரிண்டிங், கட்டிங், தையல், காஜா பட்டன் என ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி யூனிட்டுகள் உண்டு. முழு ஆலை வைத்திருக்காதவரும் வேலையை ஜாப் ஒர்க்காகப் பிரித்துக் கொடுத்து ஏற்றுமதி ஆர்டரை முடித்துவிடலாம். ஆனால் ஒரு கண்ணி அறுந்தால் மொத்தமும் நிற்கும். நொய்யல் ஆற்று மாசு வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. சாயத்தைத் தொடாத தையல்காரர்களுக்கும் வேலை குறைந்தது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்கள் மீதான வரியை 50 சதவீதமாக்கியபோதும் அடி ஊருக்கே விழுந்தது.

கோவையின் கதை வேறு. அங்கே 1888-இல் ஸ்டேன்ஸ் மில் வந்தது. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் மில்கள் பெருகின. மில் எந்திரங்களைப் பழுதுபார்க்க லேத் பட்டறைகளும் பவுண்டரிகளும் வேண்டியிருந்தன. இரும்பு வார்க்கத் தெரிந்த அதே கைகள் கிணற்றுப் பாசனத்துக்குப் பம்பு செட், பிறகு மோட்டார், வெட் கிரைண்டர், வாகன உதிரிபாகம் என்று நகர்ந்தன. அதாவது கோவையின் பன்மை கண்டபடி சேர்ந்ததல்ல, ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்தது. நெதர்லாந்து வட்டாரங்களை ஆராய்ந்து பிரெங்கன் குழுவினர் 2007-இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு நெருக்கமானது: உறவுள்ள தொழில்களின் பன்மை வேலைவாய்ப்பைப் பெருக்குகிறது; உறவில்லாத பன்மை வேலையின்மை ஏறாமல் தாங்குகிறது.

அமெரிக்க ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. கிளேசர் குழுவினர் 1956 முதல் 1987 வரை 170 நகர்ப்பகுதிகளைப் பார்த்து, பன்மைக்கும் போட்டிக்கும் ஆதரவாகத் தீர்ப்புச் சொன்னார்கள் (1992). முதிர்ந்த தொழிலுக்குக் குவிதல் உதவுகிறது, புதிய உயர்தொழில்நுட்பத் தொழிலுக்குப் பன்மையும் வேண்டும் என்றது 1995-இல் ஹெண்டர்சன் குழு. தொழிலின் வயதைக் கணக்கில் எடுப்பதால் இரண்டாவதே கூடுதல் நியாயமாகப் படுகிறது.

குவிதலை அளப்பதிலும் சிக்கல் உண்டு. ஒரு தொழிலுக்கு வட்டார வேலைவாய்ப்பில் உள்ள பங்கை, நாட்டளவில் அதற்குள்ள பங்கால் வகுப்பதே வழக்கமான முறை. விடை எல்லைக்கோட்டைப் பொறுத்து மாறும். 2009 வரை திருப்பூர் கோவை மாவட்டத்துக்குள் இருந்தது. தனி மாவட்டமானதும் அதன் கணக்கில் பின்னலாடையின் பங்கு கூடிவிடும், கோவைக் கணக்கில் குறைந்துவிடும். இத்தனைக்கும் ஒரு மெஷின்கூட இடம் மாறவில்லை. கோவைப் பக்கத்து மில் நூல் வழக்கம்போல திருப்பூருக்கு லாரி ஏறிக்கொண்டிருந்தது.