மேட்லோவிச், லெனர்ட் (1943–1988)

அமெரிக்க விமானப்படை சார்ஜென்ட். தன்பாலீர்ப்பாளர்களுக்குப் படையில் இருந்த தடையை நீதிமன்றத்துக்கு இழுத்தவர். வியட்நாமில் கண்ணிவெடியில் படுகாயமடைந்து பர்ப்பிள் ஹார்ட் பதக்கம் பெற்றவர்; வீரத்துக்கான வெண்கல நட்சத்திரப் பதக்கமும் அவருக்கு உண்டு. 1975 மார்ச்சில், தாம் தன்பாலீர்ப்பாளர் என்று எழுதி மேலதிகாரியின் கையில் கொடுத்தார். செப்டம்பரில் ‘டைம்’ இதழ் அட்டையில் சீருடையோடு அவர் படம் வந்தது. அப்பழுக்கற்ற சேவைக் குறிப்பேடு இருந்தும் அந்த ஆண்டே வெளியேற்றப்பட்டார். இது அப்பட்டமான அநீதி. 1980இல் நீதிபதி அவரை மீண்டும் பணியில் சேர்க்க உத்தரவிட்டார். ஆனால் மேட்லோவிச் இழப்பீடு பெற்று வழக்கை முடித்துக்கொண்டார்.

அவருக்குப் பிறகும் படையில் தடை தொடர்ந்தது. தன்பாலீர்ப்பாளர்கள் அதை வெளியே சொல்லாதவரை பணியில் இருக்கலாம் என்ற 1993ஆம் ஆண்டுச் சமரசக் கொள்கை, 13,000 பேருக்கு மேல் வேலையைப் பறித்தது. 2011 செப்டம்பர் 20 அன்றுதான் அது ஒழிந்தது.