மதுரை விரித்த இலை

வெளியில் உண்பது உடலுக்கு ஆகாது என்று வீட்டுப் பெரியோர் சொல்ல நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். வீட்டில் உண்பவருக்கு மட்டும் நோய் வருவதில்லையா என்று மனத்துக்குள் எதிர்வாதமும் செய்திருப்பீர்கள். இவ்வழக்கைத் தீர்க்க நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. இரவிலும் அடுப்பு அணையாத மதுரை மாநகரையே சாட்சியாக அழைப்போம்.

மாங்குடி மருதனார், தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனுக்குப் பாடிய நூல் மதுரைக்காஞ்சி. பத்துப்பாட்டில் ஒன்றாகிய அதில் நாளங்காடி, அல்லங்காடி என்னும் பகற்கடையும் இரவுக்கடையும் பேசப்படுகின்றன. நகரில் பல இடங்களில் மக்கள் உண்டு மகிழ்ந்த பொருள்களையும் புலவர் நிரல்படக் கூறுகிறார். பலாச்சுளை, மாம்பழம், பலவகைக் காய்கனிகள், இளந்தளிர்க் கீரை, இனிய கற்கண்டு, இறைச்சிச் சோறு, கிழங்கு என விரிகிறது அந்த வரிசை. நள்ளிரவில் அடையும் மோதகமும் விற்ற அப்ப வணிகர், விற்ற இடத்திலேயே உறங்கிப்போன காட்சியும் அங்கே உண்டு. தூங்கா நகரம் என்ற பெயருக்கு இதைவிடப் பழைய சான்று வேண்டுமா?

இங்கு ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும். அரசனைப் பாடும் புலவர் செழிப்பையே பாடுவார். ஊரார் அனைவரும் நாள்தோறும் இவ்வாறு உண்டனர் என்று நாம் முடிவு கட்டிவிடலாகாது. ஆயினும், வெளியுணவைப் பற்றி எழுதிய புலவரின் கண்ணில் கீரையும் கனியும் கிழங்கும் பட்டன என்பது கருதத்தக்கது. இன்று ஒருவர் மதுரை இரவுக் கடைகளைப் பாடப் புகுந்தால், கீரைக்கு அப்பாட்டில் இடம் கிடைக்குமா?

பொருள் கொடுத்து உண்பது ஒரு வழி. அறத்தின் பயனாக உண்பது மற்றொரு வழி. மணிமேகலைக் காப்பியத்தில் ஆபுத்திரன் தென்மதுரையில் பிச்சை ஏற்று வந்து, பார்வையற்றோரையும் ஆதரவற்றோரையும் அழைத்து ஊட்டியபின் எஞ்சியதையே உண்டான். 1689 முதல் 1706 வரை ஆட்சி செய்த இராணி மங்கம்மாள் சாலைகளும் சத்திரங்களும் அமைத்தார். மதுரை இரயில் நிலையத்தின் எதிரே அவர் பெயரால் உள்ள சத்திரத்தை நீங்கள் கண்டிருக்கலாம். வழிநடப்போருக்கு அக்காலத்தில் இரண்டே துணை: ஒன்று சத்திரம், மற்றொன்று தோளில் தொங்கிய கட்டுச்சோறு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இந்நிலை மாறத் தொடங்கியது. 1875-76-ல் திருச்சியிலிருந்து மதுரை வழியாகத் தூத்துக்குடிக்கு இருப்புப்பாதை அமைந்தது. அடுத்த இருபதாண்டுகளில் நகரில் பெரிய நூற்பாலை எழுந்தது. 1895-ல் பெரியாற்று அணை திறக்கப்பட்டு, வைகை வழியே வந்த நீர் மேலூர்ப் பக்கத்து நிலங்களை நெல்வயல்களாக்கியது. கம்பும் சோளமும் கேழ்வரகும் குதிரைவாலியும் உண்டு வாழ்ந்த சமவெளியில் நெற்சோறு பெருகியது. சங்கொலி கேட்டு ஆலைக்கு ஓடிய தொழிலாளிக்கும், வழக்குக்காக நகருக்கு வந்த உழவனுக்கும் வெளியில் உண்ணும் தேவை ஏற்பட்டது. காப்பிக் கடைகளும் சிற்றுண்டிச் சாலைகளும் பெருகின.

ஆனால், அந்தச் சாலைகளின் வாயில் எல்லோருக்கும் ஒன்றுபோல் திறந்திருக்கவில்லை. பல உணவு விடுதிகளில் சாதிக்கொரு பந்தி இருந்தது. சிலருக்கு உள்ளே இடமே இல்லை. தென்னிந்திய இரயில்வே நிலையங்களின் உணவகங்களில் நிலவிய இப்பிரிவினை, பெரியாரும் அவர் இயக்கத்தாரும் போராடியதன் பயனாக 1941-ல் அகன்றது. 1950-ல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவு, சாதி முதலியவற்றைக் காட்டி எவரையும் பொது உணவு விடுதிகளில் தடுத்தலாகாது என்றது. யாவரும் ஒரே பலகையில் அமர்ந்து உண்ணும் உரிமை எளிதில் வந்ததன்று. ஆதலின், வெளியுணவைக் குறை கூறுவோர் அது அளித்த இந்த நன்மையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இனி உடல்நலத்துக்கு வருவோம். 1920-களில் குன்னூரில் ஆய்வு நடத்திய மருத்துவர் இராபர்ட் மெக்காரிசன், இந்தியாவின் பல பகுதி உணவுகளை எலிகளுக்கு அளித்துப் பார்த்தார். முழுக் கோதுமையும் பாலும் பருப்பும் காய்கறியும் கொண்ட வடபுலத்து உணவு பெற்றவை நன்கு வளர்ந்தன. அரிசியே மிகுந்த சென்னை மாகாணத்து உணவு பெற்றவை நலிந்தன. தீட்டிய அரிசியில் தவிட்டோடு உயிர்ச்சத்தும் போய்விடுகிறது என்பதை அறிவியல் அதற்கு முன்பே கண்டிருந்தது. குறை வீட்டுச் சோற்றிலும் இருந்தது என்பதே இதன் பொருள். தட்டைச் சோறு ஒன்றே நிறைக்குமாயின், அதை வீட்டில் வைத்து உண்டாலும் விடுதியில் வைத்து உண்டாலும் குறை குறைதான்.

எனினும் விடுதிக்கென்று ஒரு தனி இயல்பு உண்டு. வீட்டில் சமைப்பவர் நம் உடலை அறிவார். கடைக்காரர் நம் நாவை அறிவார். நாவைக் கவர்வன எண்ணெய், உப்பு, சர்க்கரை ஆகியன. வயிற்றை மலிவாக நிரப்புவது மாவு. தவிடும் முளையும் நீங்கிய மைதாவாலான பரோட்டா, பலமுறை காய்ந்த எண்ணெயில் பொரித்த பலகாரம் ஆகியவை என்றோ ஒருநாள் உண்ணத்தக்கவை; அன்றாட உணவாகும்போது தீங்கு விளைப்பவை. உலக சுகாதார நிறுவனம் பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது. 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு, நாட்டில் வயது வந்தோருள் நூற்றுக்கு 11.4 பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டது. உடலுழைப்புக் குறைவு முதலிய காரணங்களும் இதற்கு உண்டு. ஆயினும் உணவின் பங்கு சிறிதன்று.

அவ்வாறாயின் வெளியுணவு தீயதா? 2022-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் மதுரை சிம்மக்கல்லில் உள்ள ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் நடந்ததைப் பாருங்கள். அரசு தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்கான காலை உணவுத் திட்டம் அன்று அங்கே தொடங்கப்பட்டது. உப்புமா, கிச்சடி, பொங்கல் முதலியவை காய்கறிச் சாம்பாருடன் அத்திட்டத்தின் உணவுப் பட்டியலில் இடம்பெற்றன. காமராசர் காலத்தில் 1956-ல் வேரூன்றி, 1982-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் விரிவடைந்த பகலுணவுத் திட்டத்தின் தொடர்ச்சி இது. விடியுமுன் வேலைக்குப் புறப்படும் தாயின் குழந்தைக்கு இதுவும் வெளியுணவுதான். ஆனால் அது பசியோடு பாடம் கேட்கும் நிலையை அகற்றுகிறது. இங்கே உணவைத் திட்டமிடுவோர் லாபத்தைக் கருதாமல் குழந்தையின் தேவையைக் கருதுகின்றனர். வேறுபாடு அதில்தான் இருக்கிறது.

ஆகவே நண்பர்களே, எங்கே உண்கிறோம் என்பதோடு, நம் இலையில் என்ன வைப்பது என்று முடிவு செய்பவர் யார் என்றும் கேட்டுப் பழகுங்கள். ஆவியில் வெந்த இட்டலியில் அரிசியும் உளுந்தும் ஒன்றன் குறையை மற்றொன்று நிறைக்கின்றன. அதை மதுரைத் தெருவோரத்திலேயே பெறலாம். சுண்டலும் கொய்யாவும் அருகிலேயே விற்கின்றன. அடுத்த முறை வெளியில் உண்ண அமரும்போது, கீரை உண்டா என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்பவர் பெருகினால் கடைக்காரரும் சமைக்கத் தொடங்குவார். அன்று, மாங்குடி மருதனார் கண்ட வரிசையில் விடுபட்டுப்போன பொருள் மீண்டும் மதுரையின் இலைக்கு வந்து சேரும்.