அப்பா தொட்டி வைத்தார், மகன் காரணம் கண்டுபிடித்தார்

கொஞ்சம் நீளமான பதிவு. சாயங்காலம் காபியோடு உட்கார்ந்து படியுங்கள்.

கோடை விடுமுறை தொடங்கினால் எனக்கு ஒரே மாதிரியான செய்தி வர ஆரம்பித்துவிடும். "டீச்சர், பிள்ளை ஆசைப்பட்டான்னு தொட்டி வாங்கி நாலு ஏஞ்சல் மீன் விட்டோம். பத்தே நாள்ல எல்லாம் செத்துப்போச்சு. அவன் அழுதுகிட்டே இருக்கான். கடைக்காரர் நோய் மீனைத் தள்ளிவிட்டுட்டாரா?" இந்த வருடம் மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். கடைக்காரரைத் திட்டுவதற்கு முன்னால் லண்டனில் நடந்த ஒரு கதையைக் கேளுங்கள். அப்பாவும் மகனும் சம்பந்தப்பட்டது. இருவருக்கும் ஒரே பெயர்: ராபர்ட் வாரிங்டன்.

கண்ணாடித் தொட்டியில் உயிர்களை வளர்த்தவர்கள் அவர்களுக்கு முன்பும் உண்டு. செருப்புத் தொழிலாளியின் மகளான ழான் வில்ப்ரோ பவர் என்ற பிரெஞ்சுப் பெண்மணி, 1832லேயே சிசிலித் தீவில் தொட்டி வைத்துக் கடலுயிர்களை ஆராய்ந்தார். 1846ல் லண்டனில் ஆன்னா தைன் என்ற சீமாட்டி வீட்டிலேயே பவளவுயிர்களை வளர்த்தார். தண்ணீரில் காற்று கலப்பதற்காக வீட்டு வேலைக்காரப் பெண் அதைத் திறந்த ஜன்னல் பக்கம் நின்று ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி ஊற்ற வேண்டும். நாம் டீ ஆற்றுவது போலத்தான். அந்தப் பெண்ணின் பெயரை யாரும் எழுதி வைத்ததாகத் தெரியவில்லை. முதல் ஏர் பம்ப் அவர்தான் என்பேன்!

பெரிய வாரிங்டன் வேதியியல் வல்லுநர். லண்டன் மருந்து தயாரிப்போர் சங்கத்தில் வேலை. 1849ல் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் மணலும் கல்லும் இட்டு, நாடா போல இலை நீளும் வாலிஸ்நேரியா செடியை நட்டு, இரண்டு தங்கமீன்களை விட்டார். செடி வெளிச்சத்தில் ஆக்சிஜன் தரும், மீன் அதைச் சுவாசிக்கும் என்பது கணக்கு. நம் வகுப்பில் ஹைட்ரில்லா மேல் புனலைக் கவிழ்த்து வெயிலில் வைத்துக் குமிழி எண்ணினோமே, அதே பாடம்.

ஆனால் இலைகள் அழுகித் தண்ணீர் கலங்கியது. உடனே குளத்து நத்தைகளைக் கொண்டுவந்து போட்டார். அவை அழுகிய இலையைத் தின்றன, நத்தை முட்டைகளை மீன் தின்றது, தண்ணீர் தெளிந்துவிட்டது. செடி, மீன், நத்தை மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன என்று 1850ல் வேதியியல் சங்கத்தில் அறிவித்தார்.

அதற்குப் பிறகு இங்கிலாந்துக்கு மீன் தொட்டிப் பைத்தியமே பிடித்தது. 1845லேயே கண்ணாடி மீதான வரியை எடுத்துவிட்டதால் கண்ணாடி விலையும் இறங்கியிருந்தது. 1853ல் லண்டன் மிருகக்காட்சிசாலையில் மீன் கூடம் திறந்தார்கள். அடுத்த ஆண்டே பிலிப் ஹென்றி காஸ் எழுதிய புத்தகம் வந்தது. அக்வேரியம் என்ற சொல் பரவியது அதனால்தான். வரவேற்பறைதோறும் தொட்டி வைத்தார்கள். பத்துப் பதினைந்து வருடத்தில் அந்த மோகம் வடிந்தும் போனது. செடி, நத்தை எல்லாம் சரியாக வைத்தும் பலருடைய மீன்கள் செத்தன. ஏன் என்று சொல்ல ஆளில்லை. 1867ல் பெரிய வாரிங்டனும் இறந்துபோனார்.

பத்து வருடம் கழித்து, 1877ல், பாரிஸில் ஷ்லோசிங், மூன்ட்ஸ் என்ற இருவர் சாக்கடை நீரை ஆராய்ந்தார்கள். மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பிய நீண்ட குழாயில் அந்த நீரை மெதுவாக வடியவிட்டார்கள். முதல் இருபது நாள் ஒன்றும் நடக்கவில்லை. நீரில் இருந்த அம்மோனியா அப்படியே வெளியே வந்தது. அதற்குப் பிறகு அம்மோனியா குறைந்து நைட்ரேட் வந்தது. குழாய்க்குள் குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தியதும் அது நின்றுவிட்டது. ஆவியை வெளியேற்றி, மண் கரைத்த நீரைக் கொஞ்சம் ஊற்றினார்கள்; மறுபடி நைட்ரேட் வரத் தொடங்கியது. மயக்கமருந்துக்கு அடங்குகிறது, மண்ணிலிருந்து திரும்பி வருகிறது என்றால் அது வெறும் ரசாயன மாற்றமாக இருக்க முடியாது. உயிருள்ள ஏதோ செய்கிற வேலை. எத்தனை எளிய சோதனை பாருங்கள்! பாடப்புத்தகத்தில் இதைப் போடாமல் விட்டார்களே என்று எனக்கு இன்றும் ஆதங்கம் உண்டு.

இங்கேதான் மகன் வருகிறார். சின்ன வாரிங்டன் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் மண்ணை ஆராய்ந்தவர். பாரிஸ் செய்தியைப் பிடித்துக்கொண்டு பல வருடம் அதிலேயே உழைத்தார். அம்மோனியா ஒரே தாவலில் நைட்ரேட் ஆவதில்லை, முதலில் நைட்ரைட், பிறகுதான் நைட்ரேட், இரண்டு படிக்கும் வேறு வேறு நுண்ணுயிர்கள் என்று காட்டினார். அவற்றைத் தனியே பிரித்தெடுக்க மட்டும் அவரால் முடியவில்லை. 1890 வாக்கில் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்யர் அதைச் சாதித்தார்.

அப்பாவின் தொட்டியில் கண்ணுக்குத் தெரியாமல் வேலை பார்த்ததும் இதே வகை உயிர்கள்தான். மீன் செவுள் வழியாக அம்மோனியாவை விட்டுக்கொண்டே இருக்கும். அது விஷம், நைட்ரைட்டும் விஷம். கடைசியில் வரும் நைட்ரேட் அவ்வளவு கெடுதல் இல்லை, செடிகளுக்கு அது உரம். நத்தை குப்பையைத் தின்றதே தவிர விஷத்தை முறிக்கவில்லை. இரண்டே மீன், கூடவே செடியும் மணலும் இருந்ததால் அவர் தப்பித்தார் என்பது என் கணிப்பு.

இப்போது நம் ஏஞ்சல் மீனுக்கு வருவோம். ஊர் அமேசான் படுகை. அறிவியலில் பெயர் வைத்தது 1823ல். ஆனால் உயிரோடு ஐரோப்பா போய்ச் சேர்ந்தது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். ஜெர்மானியர்கள் அதைப் பாய்த்துடுப்பு மீன் என்று பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள். தட்டையான உடம்பு, செங்குத்தான கருங்கோடுகள். ஆற்றோரச் செடித் தண்டுகளுக்கு இடையில் நின்றால் கண்டுபிடிக்க முடியாது. இந்த உயரமான உடம்புக்கு உயரமான தொட்டி வேண்டும்.

ஒன்றரை அடிக்குக் குறையாத உயரம், ஒரு ஜோடிக்கு நூறு லிட்டர் அளவு தண்ணீர், 25 முதல் 28 டிகிரி வெப்பம். நியான் டெட்ரா போன்ற பொடி மீன்களைக் கூட விடாதீர்கள், வளர்ந்த ஏஞ்சல் விழுங்கிவிடும்.

புதுத் தொட்டியில் பாரிஸ் குழாயின் முதல் இருபது நாள்தான் நடக்கிறது. விஷத்தை முறிக்கும் உயிர்கள் இன்னும் குடியேறவில்லை. அதற்குள் நாலு மீனை விட்டால் அவை தம் கழிவிலேயே மூச்சுத் திணறிப் போகும். அதில் கடைக்காரர் குற்றம் ஒன்றுமில்லை. குளோரின் நீக்கிய தண்ணீரை நிரப்பி, ஃபில்டரை ஓடவிட்டு, தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி மட்டும் போட்டு வாருங்கள். நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். பிள்ளைகள் பொறுக்க மாட்டார்கள், அதனால் சோதனைக் கிட் வாங்கி வாரம் இருமுறை அவர்களையே பார்க்கச் சொல்லுங்கள். அம்மோனியா முதலில் ஏறும், பிறகு நைட்ரைட். இரண்டும் ஏறி இறங்கிப் பூஜ்யத்துக்கு வந்த பிறகு மீன் வாங்கக் கொளத்தூர் போகலாம்.

ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் பளிச்சென்று அலசுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்தக் குளோரின், பாரிஸ்காரர்களின் குளோரோஃபார்ம் செய்த வேலையைச் செய்துவிடும். வாராவாரம் கால் பங்கு தண்ணீர் மாற்றுவீர்கள் அல்லவா, எடுத்த அந்தத் தண்ணீரிலேயே ஸ்பாஞ்சைப் பிழியுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஆரோக்கியமான தொட்டியின் பழைய ஸ்பாஞ்ச் ஒரு துண்டு கிடைத்தால் காத்திருக்கும் நாள் நன்றாகவே குறையும். என் தொட்டியில் இரண்டு ஸ்பாஞ்ச் எப்போதும் ஓடுகின்றன. வேண்டுமென்பவர்கள் மூடியுள்ள டப்பா கொண்டு வாருங்கள், தொட்டித் தண்ணீரோடு தருகிறேன். காயவிடாமல் அன்றே போட்டுவிட வேண்டும்.