பந்து பெற்றனர், பதவி இழந்தனர்!

"பெண்ணுக்கு ஏன் பந்தாட்டம்?"

இக்கேள்வி நம் ஊர்த் திண்ணையிலே மட்டும் பிறந்ததன்று. செல்வமும் விஞ்ஞானமும் செழித்த அமெரிக்காவில், கற்றோர் அவையிலேயே ஒலித்த குரல் அது. தாவிக் குதித்தால் தாய்மை கெடும், போட்டியிட்டால் பெண்மை குன்றும் என்று மருத்துவர் சிலரே எழுதினர். மூடநம்பிக்கை உடுக்கை அடித்துக்கொண்டுதான் வரும் என்பதில்லை; மருத்துவர் அங்கி அணிந்தும் வரும்!

1895-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஹோலியோக் நகரில் வில்லியம் மார்கன் அமைத்தது கைப்பந்தாட்டம். பெண்கள் அதை விரைவிலேயே கைக்கொண்டனர். ஆடலாம், ஆனால் வெல்லக் கூடாது என்பதே அவர்களுக்கு விதிக்கப்பட்ட எல்லை. 1923-இல் லூ ஹென்றி ஹூவர் அம்மையார் தலைமையில் திரண்ட மகளிர் அமைப்பே, பெண்களுக்குச் சாம்பியன் போட்டி வேண்டாம் என்றது. பல கல்லூரிப் பெண்களைக் கலந்து அணி பிரித்து, எந்தக் கல்லூரிக்கும் வெற்றியில்லாமல் ஆடவைத்து, சிற்றுண்டி தந்து அனுப்பும் 'விளையாட்டு நாள்' வழக்கமாயிற்று. விலங்கைப் பூட்டியவர் மட்டுமல்ல, அதை அணிகலன் என்று நம்பியவரும் உண்டு என்பதற்கு இது சான்று.

அந்த விலங்கு 1970-இல் நொறுங்கிற்று. உடற்பயிற்சி ஆசிரியைகளின் அமைப்பு, கல்லூரி மகளிருக்கான முதல் தேசியக் கைப்பந்துப் போட்டியை நடத்தியது. வென்றது புகழ்பெற்ற பல்கலைக்கழகமன்று. டெக்சாஸின் மேற்குக் கோடியிலுள்ள சல் ராஸ் கல்லூரி! 1971-இல் கல்லூரி மகளிர் விளையாட்டுக் கழகம் தோன்றியது. விதி வகுத்தவரும், போட்டி நடத்தியவரும், தலைமை தாங்கியவரும் பெண்களே.

1972-இல் வந்தது சட்டம். அரசுப் பணம் பெறும் கல்வி நிலையம் எதுவும் பால் வேற்றுமை காட்டலாகாது என்றது அது. அதற்காகப் பாடுபட்டவருள் ஒருவர் பாட்சி மிங்க் அம்மையார். ஆடவர் ஆதிக்கத்திலிருந்த தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் என்ன செய்தது? வரவேற்றதா? இல்லை, அச்சட்டத்தின் விதிகளை எதிர்த்து 1976-இல் வழக்காடியது!

வழக்கு பலிக்கவில்லை. வழி மாறியது. "நாங்களே நடத்துகிறோம், பயணச் செலவும் தருகிறோம்" என்று 1981-இல் அச்சங்கமே மகளிர் போட்டிகளைத் தொடங்கிற்று. அந்த ஆண்டு இரண்டு சாம்பியன்கள்: மகளிர் கழகத்தின் போட்டியில் டெக்சாஸ், சங்கத்தின் போட்டியில் தென் கலிபோர்னியா. பணத்தோடு போட்டியிட முடியாத மகளிர் கழகம் 1982-இல் மூடப்பட்டது. நீதிமன்றமும் கைகொடுக்கவில்லை.

விளைவு என்ன? ஆட்டம் வளர்ந்தது, மறுக்கவில்லை. 2023 ஆகஸ்ட் 30 அன்று நெப்ராஸ்காவின் லிங்கன் நகரில் மகளிர் கைப்பந்தாட்டம் காண 92,003 பேர் திரண்டனர். ஆனால் 1972-இல் கல்லூரி மகளிர் அணிகளுள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பெண்களே பயிற்றுநர். பின்னாளில் அது பாதிக்கும் கீழே சரிந்தது. சங்கத்தின் முதல்நிலைக் கைப்பந்துப் பட்டத்தை ஒரு பெண் தலைமைப் பயிற்றுநர் வென்றது 2024 டிசம்பரில்தான். பென் ஸ்டேட் அணியின் கேட்டி ஷூமேக்கர்-காலி, புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுக்கொண்டே அப்பட்டத்தை ஈட்டினார். 1981 முதல் 43 ஆண்டுக் காத்திருப்பு!

பெண்ணால் முடியாது என்பதாலா இத்தனை காலம்? மகளிர் கழகத்தின் நாட்களில் முடிந்ததே! திறமை தேயவில்லை, அதிகாரம் கைமாறியது.

தோழர்களே! உரிமை கேட்போர் உணர வேண்டிய பாடம் இது. பந்தியில் இலை கிடைத்ததும் பசி தீர்ந்ததென்று மகிழ்கிறோம். கரண்டி எவர் கையில் என்றும் கேட்போம்!