கருவின் இதயத்துடிப்பு வரைபடம்: கண் வாசிப்பும் கணினி வாசிப்பும்

கருவிலுள்ள குழந்தையின் இதயம் இயல்பாக நிமிடத்துக்கு 110 முதல் 160 முறை துடிக்கும். குழந்தைக்கு ஆக்சிஜன் குறைந்தால் துடிப்பின் போக்கு மாறும். அந்த மாற்றத்தை உரிய நேரத்தில் அறிய மருத்துவர்கள் முதலில் காதையும், பின்னர் கண்ணையும், அதன்பின் கணினியையும் பயன்படுத்தினர்.

காதிலிருந்து தாளுக்கு

1818இல் ஜெனீவாவைச் சேர்ந்த பிரான்சுவா மாயோர், தாயின் வயிற்றில் காது வைத்துக் கருவின் இதய ஒலியைக் கேட்கலாம் என அறிவித்தார். 1895இல் பிரெஞ்சு மருத்துவர் அடோல்ப் பினார் இதற்கென ஒரு குழலை உருவாக்கினார். 1958இல் அமெரிக்காவின் எட்வர்ட் ஹான் மின்னணு முறையில் துடிப்பைத் தொடர்ந்து பதிவு செய்யும் முறையை வெளியிட்டார். 1968இல் இதற்கான கருவி விற்பனைக்கு வந்தது. இதயத்துடிப்பையும் கருப்பைச் சுருக்கத்தையும் ஒரே தாளில் இரு கோடுகளாக வரையும் இம்முறை சி.டி.ஜி. எனப்படுகிறது.

கண் வாசிப்பின் சிக்கல்

ஒரே வரைபடத்தை ஒரு மருத்துவர் இயல்பானது என்பார். மற்றொருவர் ஆபத்தானது என்பார். அதே மருத்துவரே மறுமுறை பார்க்கும்போது வேறு முடிவு சொல்வதும் உண்டு. தேவையற்ற சிசேரியனுக்கும், ஆபத்தைக் கவனிக்காமல் விடுவதற்கும் இது வழிவகுக்கும். பன்னாட்டு மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பான ஃபிகோ 1987இல் பொது விதிகளை வெளியிட்டது. அதன் பின்னும் கருத்து வேறுபாடு நீங்கவில்லை.

கணினியின் வரவு

ஆக்ஸ்போர்டில் ஜெஃப்ரி டாவ்ஸ், கிறிஸ்டோபர் ரெட்மன் ஆகியோர் கணினி ஆய்வு முறையை வகுத்தனர். அது ஒவ்வொரு நிமிடத்தையும் 3.75 நொடி கொண்ட 16 பகுதிகளாகப் பிரித்து, அடுத்தடுத்த பகுதிகளுக்கு இடையிலான துடிப்பு வேறுபாட்டை மில்லிநொடியில் கணக்கிடுகிறது. இந்த நுண்ணிய வேறுபாட்டைக் கண்ணால் அளக்க இயலாது. எத்தனை முறை கணக்கிட்டாலும் ஒரே பதிவுக்கு ஒரே விடை கிடைக்கும். ஆனால் இம்முறை பிரசவ வலி தொடங்குவதற்கு முந்தைய காலத்துக்கே உரியது.

பிரசவ நேரத்தில்

பிரசவத்தின்போது வரைபடத்தை ஆராய்ந்து எச்சரிக்கும் மென்பொருளை, பிரிட்டனிலும் அயர்லாந்திலும் சுமார் 47,000 பெண்களிடம் 'இன்ஃபன்ட்' ஆய்வு சோதித்தது. முடிவு 2017இல் வெளியானது. மென்பொருள் உதவி இருந்த பிரிவிலும் இல்லாத பிரிவிலும் குழந்தைகளுக்கு மோசமான விளைவு நேர்ந்த அளவு 0.7 விழுக்காடாகவே இருந்தது.

எச்சரிக்கை கிடைத்தபின் என்ன செய்வது என்ற முடிவு அங்கும் மருத்துவக் குழுவிடமே இருந்தது. தாயின் காய்ச்சல், கருவின் வயது, கொடுத்த மருந்து ஆகியவையும் துடிப்பை மாற்றக்கூடியவை. ஆகவே, கணினி தரும் கணக்கைத் தாயின் நிலையோடு சேர்த்துப் பார்ப்பவரின் பொறுப்பு குறையவில்லை.